பன்னிரண்டு மீட்டர்

மூன்றாவது தடவையும் நங்கூரம் ஒரு கூடைக் கடல்புல்லோடுதான் மேலே வந்தது.

தஹ்சின் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. சுற்றிலும் பைன் மரங்கள் மூடிய மலை, நடுவே குளம் போல ஒரு குடா. அங்கே நான்கு மணிக்கு மேல் வேறு பொழுதுபோக்கு கிடையாது. எல்லாப் படகிலும் தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவன் நங்கூரம் போடுவதைத்தான் பார்ப்பார்கள்.

"ஏங்க, அப்பாவை எழுப்பட்டுமா?" என்றாள் நெர்மின்.

"எழுப்பினா, இந்த ஜென்மத்துல நமக்குப் படகு கிடையாது."

அவள் அப்பா ஷுக்ரு முப்பது வருஷம் பயணிக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிமேல் முட்டி ஒத்துழைக்காது என்று, தன் செல்லப் பாய்மரப் படகான 'நாஸ்லி'யை இரண்டு மருமகன்களில் ஒருவரிடம் கொடுக்கப் போகிறார். மூத்தவன் கடற்கரை ஊரான இஸ்மிரில் இருக்கிறான், துடுப்போடு பிறந்தவன் மாதிரி பேசுவான். இளையவன் தஹ்சின், கடலே இல்லாத தெனிஸ்லியில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன். அவனுக்கு இருந்தது ஆசை மட்டும்தான். ஆனால் அந்த ஆசை அவனைத் தூங்க விடவில்லை.

கிழவரின் நிபந்தனை எளிது. "ராத்திரி முழுக்கப் படகு உன் பொறுப்பு. காலையில நான் கண்ணைத் திறந்தா, என் கேபினோட வட்ட ஜன்னல்ல கரையில இருக்கிற ஹோட்டல்காரனோட சிவப்புக் கொடி தெரியணும். தெரிஞ்சா சாவி உனக்கு." சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தவர்தான், இன்னும் எழவில்லை.

அப்போதுதான் தஹ்சின் அதைப் பார்த்தான். பக்கத்துப் படகுக்கு முன்னால், தண்ணீரில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கேன் ஆடிக்கொண்டிருந்தது.

"மிதவை! வர்ற படகுங்க கட்டிக்கறதுக்கு ஹோட்டல்காரன் போட்டு வெச்சிருக்கான். அடியில கான்கிரீட் கல்லு இருக்கும். யானையைக் கட்டினாலும் நகராது."

"ஹோட்டல் மிதவைன்னா ஆரஞ்சு கலர்ல பந்து மாதிரில்ல இருக்கும்?"

"விலைவாசி தெரியுமா உனக்கு? கேனைப் போட்டிருப்பான்."

கொக்கியால் கேனை இழுத்து, அதன் கயிற்றில் தன் கயிற்றைக் கட்டினான். முடிச்சு மட்டும் அவனுக்கு அற்புதமாக வரும். குளிர்காலம் முழுக்க மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து பழகியது.

பக்கத்துப் படகில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மாள், கத்தியோடு எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா? அசந்து போயிட்டாங்க," என்றான் தஹ்சின்.

இருட்டும் நேரத்தில் அந்தப் படகுக்காரர் கரையில் சாப்பிட்டுவிட்டு ரப்பர் படகில் திரும்பினார். ஜெமில் என்று பெயர், பல் டாக்டர்.

"அண்ணே, ரொம்ப ஒட்டி நிக்கிற மாதிரி இருக்கே?"

"நான் ஹோட்டல் மிதவையில கட்டியிருக்கேன் டாக்டர். ஆடாது அசையாது. உங்க நங்கூரம் புடிச்சிருக்கான்னு பாத்துக்குங்க."

ஜெமில் கண்ணால் அளந்தார். "நடுவுல ஒரு பன்னிரண்டு மீட்டர் இருக்கும்."

"இருக்கும். ஹோட்டல்ல பதினோரு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திடுவான். அப்புறம் கரை கண்ணுக்குத் தெரியாது. நான் உங்களைப் பாத்துக்கறேன், நீங்க என்னைப் பாத்துக்குங்க. பன்னிரண்டு பன்னிரண்டாவே இருந்தா ரெண்டு பேரும் நகரலைன்னு அர்த்தம்."

"அடடா! என்ன மூளை அண்ணே உங்களுக்கு!"

"உங்க அம்மாவா அவங்க? பேசவே மாட்டேங்கறாங்க."

"அத்தை. ஹமியெத் அத்தை. கடல்ல முங்கிக் கடல்பஞ்சு எடுக்கிறவரோட பொண்ணு. அதனால எல்லாத்துக்கும் ஆலோசனை! பாயை இறக்கு, சங்கிலியை விடுன்னு மூணு நாளா என் உயிரை எடுத்துட்டாங்க. இன்னிக்கு மதியம் சொல்லிட்டேன், நங்கூரத்தை இறக்கறதோட உங்க வேலை முடிஞ்சுது, படகைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசினா பஸ் ஏத்தி விட்டுடுவேன்னு. நானா கேக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு சபதம் போட்டிருக்காங்க. என்ன நிம்மதி தெரியுமா!"

அத்தை கத்தரிக்காய்த் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜெனரேட்டர் நின்றது. ஹோட்டலும் மலையும் ஒரே கறுப்பாயின. மலையிலிருந்து காற்று இறங்கியது.

பன்னிரண்டரைக்கு நெர்மினின் போன் அலறியது. படகு நகர்ந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டை அவள் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்தாள்.

"ஏங்க! நகருதாம்!"

தஹ்சின் டார்ச்சை அடித்துப் பார்த்தான். ஜெமிலின் படகு அதே இடத்தில் இருந்தது.

"டாக்டர்! எவ்வளவு?"

"பன்னிரண்டு அண்ணே! உங்களுக்கு?"

"பன்னிரண்டு!" போனை அணைத்தான். "நாலு பக்கமும் மலை. சிக்னல் பைத்தியம் புடிச்சு அலையுது. படு."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காற்று ஒவ்வொரு தடவை அறையும்போதும் எழுந்து போய், கயிற்றை இன்னும் இரண்டு சுற்று இழுத்து இறுக்கினான். கடைசியில் கேன் படகின் மூக்கோடு ஒட்டி நசுங்கியது. அப்போதுதான் திருப்தியாக இருந்தது.

ஒரு மணிக்குப் பன்னிரண்டு. இரண்டு மணிக்குப் பன்னிரண்டு. மூன்று மணிக்கு இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். இத்தனை நல்ல பக்கத்துப் படகுக்காரர் தனக்கு வாய்த்ததே இல்லை என்றார் ஜெமில். நாலரைக்குத் தஹ்சின் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

"தஹ்சின்!"

விடிந்திருந்தது. மாமனார் மேலே வந்து நின்றிருந்தார், வெறுங்காலோடு.

"கொடி எங்கே?"

தஹ்சின் கரையைப் பார்த்தான். கொடி இல்லை. ஹோட்டல் இல்லை. நேற்றுத் தேநீர் குடித்தபடி அவனைப் பார்த்த ஒரு படகும் இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு செங்குத்துப் பாறை. அதன்மேல் நின்று ஓர் ஆடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் பின்னால் பார்த்தான். ஜெமிலின் படகு அங்கேயேதான் இருந்தது.

"நாம நகரலை மாமா! பாருங்க, அதே பன்னிரண்டு மீட்டர்!"

"அப்ப ஹோட்டல் நகர்ந்துதா?"

"ஹோட்டலோட இறங்குதுறை மிதக்கிற மேடைதானே மாமா, அறுத்துக்கிட்டு..."

"மலையுமா?"

ஜெமில் பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடி வெளியே வந்தார். பிரஷ் தண்ணீரில் விழுந்தது. "அண்ணே! யார் மலையை மாத்தினது?"

நெர்மின்தான் கண்டுபிடித்தாள். குடாவின் எதிர்க்கரையில், வெகு தூரத்தில், குங்குமப் பொட்டு அளவுக்கு அந்தச் சிவப்புக் கொடி ஆடியது. இரண்டு படகும் ராத்திரி முழுக்கச் சேர்ந்தே ஊர்ந்து குடாவைக் கடந்திருந்தன. நல்லவேளை, பாறைக்கு முன்னால் அடியில் எதுவோ மாட்டி நின்றிருந்தன.

பாறையில் மோதியிருந்தால்? தஹ்சினுக்கு மாமனாரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இஸ்மிர்க்காரன் சிரிக்கும் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது.

கிழவர் முன்பக்கம் போனார். குனிந்து கயிற்றைத் தடவினார்.

"முடிச்சு யார் போட்டது?"

"நான்தான் மாமா. ஹோட்டல் மிதவையில கட்டினேன்."

"நல்ல முடிச்சு. விடியற வரைக்கும் முழிச்சிருந்தியா?"

"இருந்தாருப்பா," என்றாள் நெர்மின். "என்னையும் தூங்க விடலை."

கிழவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஹோட்டல்காரன் போட்ட கல்லுதான் இழுத்துக்கிட்டு வந்திருக்கு. அந்தக் காத்துல கல்லு போய் பக்கத்துப் படகோட சங்கிலியில சிக்கி அதோட நங்கூரத்தையும் பேத்திருக்கும். அதுக்கு நீ என்னப்பா பண்ணுவ? நானா இருந்தாலும் அந்த மிதவையிலதான் கட்டியிருப்பேன்."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். தஹ்சினுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

"ஹோட்டல்காரனை உண்டு இல்லைன்னு ஆக்கணும் அண்ணே!" என்று ஜெமில் தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "எல்லாரும் செத்திருப்போம்! அத்தை, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்!"

ஹமியெத் அத்தை நிமிர்ந்தாள். "படகைப் பத்திப் பேசலாமா?"

"பேசுங்க அத்தை, பேசுங்க!"

"அது ஹோட்டல் மிதவை இல்லப்பா. நம்ம நங்கூரம் எங்க கிடக்குதுன்னு தெரியணுமேன்னு, அதுல நான் கயிறு போட்டுக் கட்டி விட்ட ஆலிவ் கேன். அந்தத் தம்பிதான் ராத்திரி முழுக்க அதைப் புடிச்சு இழுத்து, நம்ம நங்கூரத்தையே பேத்துத் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு!"