மாடிப்படியில் மாட்டிய பியானோ

மாரேட்பள்ளி, செகந்திராபாத்
12-2-1972

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு, சாரங்கபாணி அநேக நமஸ்காரம். இங்கே பகவத் கிருபையால் எல்லோரும் சௌக்கியம், மாடிப்படியைத் தவிர.

மாடிப் போர்ஷனை இலோனா அம்மாள் என்ற ஹங்கேரிக்கார விதவைக்கு வாடகைக்கு விட்டேன். ஐம்பத்தாறில் அவள் ஊரில் டாங்கிகள் புகுந்தபோது கட்டின துணியோடு தப்பித்தவளாம். வியன்னா, லண்டன் என்று பெரிய பெரிய ஹாலில் பியானோ வாசித்தவளாம். எங்கள் குஷாய்குடா தொழிற்சாலைக்கு வந்த இஞ்சினீயரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கே வந்து, அவர் போனபிறகு லாலாகுடா ரயில்வே பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். சாதுவாயிற்றே என்று சம்மதித்தேன். பீரோ அளவில் பியானோ வந்தது. படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. "நக்கோ சாப், ஔர் டகேலே தோ தீவார் கிர்தி" (இன்னும் தள்ளினால் சுவர் விழுமாம்) என்று தூக்கிவந்த ஹமாலிகள் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருக்களித்தால் ஒல்லி ஆள் நுழையலாம். அவள் நுழைவாள், என் தொப்பை நுழையாது. என் வீட்டு மொட்டை மாடியை நான் பார்த்து மாசக்கணக்காச்சு. பாடமும் படியிலேயே. ஒரு பிள்ளை வாசிக்கும், மத்ததெல்லாம் வரிசையா உட்கார்ந்து உங்கள் மச்சினன் பெண்டாட்டி, அதாவது என் சகதர்மிணி, கனகவல்லி சுட்ட முறுக்கைத் தின்னும். கேட்டா, "பாவம், பசியோட வர்றதுகள்"ங்கறா.

போன வாரம் இலோனா அம்மாளுக்கு ஒரு தந்தி. ஊர்ல அவ அம்மா தவறிட்டாளாம். போனா அந்த ஊர் சர்க்கார் உள்ளே விடாதாம். அழலை. மேல்படியில உட்கார்ந்து வாசிக்க ஆரம்பிச்சவதான், நிறுத்தலை. கனகவல்லி பியானோ மேலே கையை நீட்டி காபியைக் கொடுத்தா. "இது அம்மா சொல்லிக்கொடுத்தது"ன்னா, இங்கிலீஷ்ல, அவ்வளவுதான். நான் ஆபீஸ் பையோட கீழ்ப்படியில உட்கார்ந்தேன், ஏன்னு தெரியலை, எழுந்திருக்கத் தோணலை. அந்தக் காபிக்கப்புறம் அன்னிக்கு வீட்ல அடுப்பே மூட்டலை, எனக்கு ரொட்டியும் ஜாமும்தான். ஒரு வீட்டுக்காரனுக்கு இது நியாயமா?

ஆகையால், வக்கீலான தாங்கள் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ், சற்றுக் கடுமையாகவே, தயார் செய்து அனுப்பவும்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சாரங்கபாணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இது. அவளுக்கு பம்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், அடுத்த மாசம் காலி பண்ணுகிறாளாம். கனகவல்லி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்? நோட்டீஸ் வேண்டாம். வீட்டுக்காரன் சம்மதமில்லாமல் குடியிருப்பவர் காலி செய்யக்கூடாது என்று எங்கேயாவது சட்டம் இருந்தால், அதை நல்ல இங்கிலீஷில் எழுதி உடனே அனுப்பவும்.