உப்புக் கிடங்கு நலம்

மரக்காணம்,
16-11-1974, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய நடராசன் மாமா அவர்களுக்கு,

தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. அத்தைக்கும் சரஸ்வதிக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். கட்டடமும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் உங்கள் ஜில்லா நூலக ஆபீசுக்கு இந்த வாரம் இரண்டு அறிக்கைகள் வந்து சேரும். இரண்டும் எங்கள் கிளை நூலகக் கட்டடத்தைப் பற்றியவை. இரண்டிலும் ஓவர்சியர் செல்லப்பனின் கையெழுத்து. கட்டடம் எந்த நேரமும் இடிந்து விழும், உடனே காலி செய்க என்று ஒன்று சொல்கிறது. இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்று மற்றது. இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டவை. குழம்ப வேண்டாம். இரண்டாவதுதான் உண்மை. முதலாவதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நூலகம் வானூருக்குப் போய்விடும். அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இந்தக் கரையில் இதை விட்டால் வேறில்லை.

நீங்கள் இந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை. வேலை வாங்கிக் கொடுத்தபோது 'ஏதோ பழைய கட்டடமாம், சமாளிச்சுக்கோ' என்றீர்கள். கம்பெனி காலத்து உப்புக் கிடங்கு அது. வாசல் வளைவுக்கு மேலே வருஷத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு எண்கள் மட்டும் மிச்சம், ஒன்றும் எட்டும். மற்ற இரண்டையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. செங்கல், சுண்ணாம்பு. சுவரின் கனத்தில் ஓர் ஆள் குறுக்கே படுக்கலாம். எங்கள் அட்டெண்டர் பாவாடை வாசல் நிலையில் படுத்தே காட்டியிருக்கிறார். ஜன்னல் கிடையாது. உப்புக்கு வெளிச்சம் எதற்கு? வளைந்த கூரைக்கு அடியில், எட்டாத உயரத்தில், கம்பி போட்ட காற்றுத் துளைகள். தரை ஒரு பக்கமாகச் சரியும். உப்பில் கசிகிற நீர் வடிந்து மூலைத் துளை வழியாக வெளியே போவதற்கு. ஆகவே எங்கள் மேஜை மெல்ல நகரும். காலையில் கவிதை அலமாரி அருகே உட்கார்ந்தவர் மதியத்துக்குள் விவசாயத்துக்கு வந்துவிடுவார்.

உப்புக் காலத்தில் உப்பளத்து ஆட்கள் உச்சிவெயிலுக்கு வருவார்கள். வெள்ளைப் பாத்திகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும். எங்கள் இருட்டு அவர்களுக்கு மருந்து. முதலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு, வாசல் வெளிச்சத்தில், பேப்பர். அப்புறம், சிலர், புத்தகம். இங்கே வாசகர்கள் உண்டாவது இப்படித்தான். வானூரில் காற்றோட்டமான ஹாலில் இது நடக்காது. நான் படித்த பல்கலைக்கழக நூலகத்தில் எவ்வளவோ ஜன்னல்கள். அங்கே நான் ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தேன்.

அடுத்தது, பூட்டு. இதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

உப்பு இலாகா காலத்தில் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று சர்க்காருடையது, மற்றது உப்பளக்காரருடையது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். யாரும் யாரையும் நம்பவில்லை. உப்பு போய்ப் புத்தகம் வந்தது. வழக்கம் போகவில்லை. இன்றைக்குக் கட்டடம் தெய்வநாயகி அம்மாளுடையது. எதிர்வீடு. சொந்தமாக உப்பளம். அவர் சாவி அவர் இடுப்பில். எங்கள் சாவி பாவாடையிடம். ஒருவர் பூட்டு தொங்கும்போது மற்றவர் பூட்டு தொங்காமல் இருக்கக் கூடாது. இருந்தால் கட்டடத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக அர்த்தம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. மரக்காணத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் ஓவர்சியர் வந்தார். கையில் பை, சுத்தியல், ஒரு சின்னக் கடப்பாரை. வருகிற வழியிலேயே அறிக்கையை எழுதித் தபாலில் போட்டுவிட்டாராம். பஸ்ஸில் யாரோ சுவர் உதிர்கிறது என்று சொன்னார்களாம்.

“பார்க்காமலே எழுதிட்டீங்களா சார்?”

“அதான் பாக்க வந்துட்டேன் இல்ல? அப்புறம் என்ன?”

மழைக்காலத்தில் எங்கள் சுவர் வியர்க்கும். உப்பு வெளியே பூக்கும். பூச்சு செதில் செதிலாக உரியும். உள்ளே செங்கல்லுக்கு எதுவும் ஆவதில்லை. ஓவர்சியர் விரலால் சுரண்டினார். கை நிறையச் சுண்ணாம்பு. அவர் முகத்தில் ஒரு திருப்தி.

“பாத்தியா தம்பி, மாவு மாதிரி வருது. நான் எழுதினது சரியாப் போச்சு.”

நல்ல செங்கல்லைக் காட்டுகிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரைக் கடைசி அலமாரிக்குப் பின்னால் அழைத்துப்போனேன். தப்பு அங்கே ஆரம்பம்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தன் கட்டடத்துக்குச் சாவுச் சீட்டு எழுத எவனோ வருகிறானாம் என்று கேள்விப்பட்ட தெய்வநாயகி அம்மாள், அவன் ஏற்கெனவே உள்ளே இருப்பது தெரியாமல், வந்தால் வாசலைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்தித் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் புதுச்சேரியில் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட, ஓவர்சியருக்கு டீ வாங்கப் போயிருந்த பாவாடை தூக்குப் பாத்திரத்தோடு திரும்பி வந்து அந்த அம்மாளின் பூட்டு மட்டும் தனியாகத் தொங்குவதைக் கண்டு பதறிப்போய், ஏன் என்று யோசிக்காமல், டீயைப் படியில் வைத்துவிட்டுச் சர்க்கார் பூட்டையும் மாட்டிப் பூட்டி, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்து, மானம் பிழைத்தது என்று மூச்சு விட்டு, நாங்கள் உப்பளம் பார்க்கப் போயிருப்போம் என்று தானே முடிவு செய்து, டீயைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் எங்களைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

கதவு சாத்திய சத்தம் எங்களுக்குக் கேட்டது. இடி என்று நினைத்தோம். வானமும் கறுத்திருந்தது.

திரும்பி வந்து கதவைத் தள்ளினேன். அசையவில்லை. ஓவர்சியர் தள்ளினார். இருவரும் தள்ளினோம். கத்தினோம். அந்தக் கூரை குரலை வாங்கி, உருட்டி, எங்கள் மேலேயே திரும்பப் போட்டது. வெளியே ஒரு சொல் போகவில்லை. வழக்கமாக வாசகர்களை அமைதி காக்கச் சொல்வேன். இந்தக் கட்டடத்தில் அது தேவையில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு மழை. காற்று. டார்ச் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, நின்றது.

இருட்டில் அவர் மூச்சு கேட்டது. சீராக இல்லை.

“தம்பி.”

“சொல்லுங்க சார்.”

“இந்தக் காத்துக்கு இது தாங்குமா?”

“நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. எந்த நேரமும் விழும்னு.”

“அட, அது சும்மா எழுதறதுப்பா. எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவோம்.”

“அப்ப விழாதா?”

“நான் எங்க பாத்தேன்?” என்றார்.

மாமா, சிரிக்காதீர்கள். தான் எழுதியதைத் தானே நம்பிவிட்ட மனிதரோடு இருட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டம். ஒவ்வொரு இடிக்கும் அவர் என் தோளைப் பிடித்தார். மேலே சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தால் “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்றார். எனக்கும் பயம்தான். விழும் என்றல்ல. யாரும் தேட மாட்டார்கள் என்று. நூலகம் மூடியிருந்தால் இந்த ஊரில் யார் ஆச்சரியப்படுகிறார்கள்?

திடீரென்று அவர் எழுந்தார். கடப்பாரையைத் தடவி எடுத்தார். சுவரை உடைத்து வெளியே போவதென்று முடிவு. உதிர்ந்த இடத்தைத் தேடி ஓங்கி இடித்தார். இன்னொன்று. இன்னொன்று. நெருப்புப் பொறி பறந்தது. செங்கல் நகரவில்லை. சுத்தியலை எடுத்தார். பிடி முறிந்து தலை எங்கோ போய் விழுந்தது. சத்தத்தை வைத்துப் பார்த்தால் சரித்திரப் பிரிவு.

“என்னா கலவை போட்டானுங்கடா இதுல!” என்றார். அந்தக் குரலில் கோபம் பாதி. மீதி மரியாதை. தொழில் தெரிந்தவர்தான். பார்த்திருந்தால் ஒழுங்காக எழுதியிருப்பார்.

நான் தரையில் கையால் சரிவைத் தேடினேன். சரிவு எங்கே போகிறதோ அங்கே துளை. ஊர்ந்து போய், மூலையில் படுத்து, வாயை வைத்துக் கத்தினேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நல்ல வேளை, தேடி அலுத்துப்போன பாவாடை சுவரோரம் ஒதுங்கியிருந்தார்.

“யாருய்யா அது, பூமிக்கு அடியில?”

“நான்தான், தேசப்பன்.”

“எங்க சார் இருக்கீங்க? ஊரெல்லாம் தேடறேன்.”

“உள்ள.”

“உள்ளயா? நான் பூட்டிட்டேனே சார்.”

“பாவாடை, முதல்ல திறங்க.”

“நான் மட்டும் தொறந்தா அந்தம்மா பூட்டு தனியாத் தொங்குமே சார்.”

மாமா, அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. இருந்தாலும் மூடினேன். பூட்டை உடைக்கச் சொன்னேன். தன் பூட்டை உடைத்தால் உத்தியோகம் போகும், அந்தம்மா பூட்டை உடைத்தால் உயிர் போகும் என்றார்.

ரோட்டில் தண்ணீர் என்று பஸ் பாதி வழியில் திரும்பியதால் சாயங்காலம் தெய்வநாயகி அம்மாள் வந்து சேர்ந்தார். அதற்குள் வாசலில் கூட்டம். கதவிடுக்கில் காதை வைத்தேன்.

“ஏம்பா பாவாடை, உள்ள யாரு?”

“நம்ம லைப்ரரி சாரும் ஓவர்சியரும்மா.”

“எந்த ஓவர்சியர்? என் கட்டடம் இடிஞ்சு விழும்னு எழுத வந்தவனா?”

ஓவர்சியர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்டார். “அம்மா, நான்தாம்மா. தொறங்கம்மா. மூச்சு முட்டுது.”

“எதுக்கு நான் தொறக்கணும்? எந்த நேரமும் விழப்போற கட்டடம்தானே? ஒரு ஒதை விட்டுட்டு வெளிய வாயேன்.”

வெளியே சிரிப்பு. உள்ளே அவர் நெற்றி கதவில் முட்டும் சத்தம்.

“ஒதைச்சுப் பாத்துட்டேம்மா. கடப்பாரையே மொக்கையாயிடுச்சு.”

“அதை எழுது.”

“என்னாது?”

“இப்ப சொன்னியே, அதை எழுது. எழுதிட்டு சத்தமாப் படி. ஊரு கேக்கட்டும்.”

கதவிடுக்கு வெளிச்சத்தில் எழுதினார். என் முதுகுதான் மேஜை. அழுத்தி எழுதுகிறவர். உரக்கப் படித்தார். 'மேற்படி கட்டடம் கடப்பாரையால் சோதித்துப் பார்க்கப்பட்டது. மிகவும் உறுதியாக உள்ளது. இன்னும் நூறு வருஷம் நிற்கும். எந்த உபயோகத்துக்கும் ஏற்றது' என்று. 'எந்த உபயோகத்துக்கும்' என்பது அந்த அம்மாள் வெளியிலிருந்து சேர்க்கச் சொன்னது. கௌரவமாக இருக்கும் என்றார். பிறகு யார் பூட்டு முதலில் திறப்பது என்று ஒரு தகராறு. கடைசியாகப் போட்டவர் முதலில் திறக்க வேண்டும் என்று தீர்ப்பாகிப் பாவாடை திறந்தார். வெளியே வந்ததும் ஓவர்சியர் ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தார். பிறகு சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அதுதான் இரண்டாவது அறிக்கை. மிரட்டி வாங்கியது என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். நம்பாதீர்கள். யாரும் அவரைத் தொடவில்லை. இடையில் கதவு இருந்தது. அதோடு, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அவர் தன் கையாலேயே சோதித்திருக்கிறார். முதல் அறிக்கைக்கு அந்தப் பெருமை இல்லை.

ஆகவே மாமா, முதலாவதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மேலே அனுப்பும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊருக்கு இந்த இருட்டு வேண்டும். எனக்கும்.

அத்தையின் சமையலை நினைத்துக்கொண்டு டீக்கடை பன்னைச் சாப்பிடுகிறேன். உங்கள் எல்லோருக்கும் உடல் சுகமும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
தேசப்பன்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. நேற்றுத் தபால் இல்லாததால் கடிதம் என்னிடமே இருந்தது. நல்லதாயிற்று. தெய்வநாயகி அம்மாள் இரண்டாவது அறிக்கைக்கு ஒரு நகல் வாங்கித் தன் வீட்டு வாசலில் ஒட்டியிருந்தார். ஊரே படித்தது. உரம் விற்கும் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்களும் படித்தார்கள். இன்று காலை டேப்போடு வந்து உள்ளே அளக்கிறார்கள். “இவ்ளோ கெட்டியான கட்டடத்துல போயி புத்தகத்தை வெச்சிருக்கீங்களே தம்பி?” என்கிறார்கள். மூட்டைகளை அடுக்க இதைவிடச் சிறந்த இடம் ஜில்லாவிலேயே இல்லையாம். நூலகத்தை வானூருக்கு மாற்றச் சொல்லி மேலே மனு போட்டாயிற்றாம். உர நாற்றம் தன் அடுப்பங்கரை வரை வரும் என்று அந்த அம்மாள் சண்டைக்குப் போயிருக்கிறார். எந்த உபயோகத்துக்கும் ஏற்றது என்று நீங்களே ஒட்டியிருக்கிறீர்களே என்று அறிக்கையைக் காட்டினார்களாம். இப்போது நகலைக் கிழித்துவிட்டு, உலக்கையோடு வந்து வாசல் பக்கத்துப் பூச்சைத் தானே உதிர்த்துக்கொண்டிருக்கிறார். பாவாடை கூடையில் அள்ளிக்கொண்டு போய் அளக்கிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கொட்டுகிறார்.

எனவே மாமா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இரண்டாவது அறிக்கையைக் கிழித்துவிடுங்கள். முதலாவதுதான் உண்மை. கட்டடம் இடியும். உடனே காலி செய்க என்ற வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டு, உரமூட்டை வைத்தால் கட்டாயம் இடியும், உட்கார்ந்து படித்தால் இடியாது என்று எழுத ஏதாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள்.