ஒப்பீட்டு முழங்கால்

மனித குலத்தின் வலியைப் போக்கும் பொறுப்பு, சென்ற கார்த்திகை மாதம், டெல்லி துவாரகாவில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் நிர்வாகக் குழுவிடம் வந்து சேர்ந்தது. யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பெரிய பொறுப்புகளை நாங்கள் கேட்டு வாங்குவதில்லை, எடுத்துக்கொள்வோம்.

சமூகக் கூடத்தில் லேசர் இயந்திரம் வந்து இறங்கியது. மூட்டுவலி, முதுகுவலி, சுளுக்கு, எதுவானாலும் வலிக்கிற இடத்தில் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் போதுமாம். ஊசி இல்லை, கத்தி இல்லை. அதை இயக்க ஜ்யோத்ஸ்னா என்ற பிசியோதெரபிஸ்ட் வந்தாள், டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தலைவர் வெங்கடராமன் தேங்காய் உடைத்து, "முதல் நோயாளி யாரு?" என்று கேட்டதுதான் தாமதம், அதுவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்துவிட்டார்கள். காட்டாத வெளிச்சத்துக்கே இவ்வளவு குணம்!

நான் செயலாளர். பொதுத்துறை நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். ஒப்பீட்டு அறிக்கை இல்லாமல் குண்டூசிகூட வாங்கியதில்லை. "ஒரு முழங்காலுக்கு வெளிச்சம் காட்டுவோம். இன்னொண்ணை அப்படியே விட்டுவைப்போம். வித்தியாசம் தெரிஞ்சுடும்" என்றேன். சபை கைதட்டியது. இரண்டு முழங்காலும் ஒரே அளவு வலிக்கிற ஆள்தான் பாக்கி.

ஆள் அங்கேயே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. சேலத்துப் பக்கத்து அருக்காணி. எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகளில் வேலை செய்பவள். ஒன்பதாம் மாடியில் என் வீடும் அதில் ஒன்று. வேலைக்காரர்களுக்கான லிப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. யாரும் புகார் எழுதவில்லை, ஏனென்றால் புகார்ப் புத்தகம் 'குடியிருப்போருக்கு மட்டும்'. ஓடுகிற இன்னொரு லிப்டும் குடியிருப்போருக்கு மட்டும். எனவே அருக்காணி தினமும் மூன்று தடவை ஒன்பது மாடி ஏறி இறங்கி, இரண்டு முழங்கால்களையும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் கெடுத்து வைத்திருந்தாள். சமத்துவம் என்றால் இதல்லவா சமத்துவம்!

"எனக்குங்களா சார்? நெசமாலுமா?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த முட்டி நின்னு போச்சுன்னா ஆறு வீடும் போயிருமுங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சிருக்கறனுங்க."

கறுப்புக் கண்ணாடி மாட்டி, வலது முழங்காலுக்குப் பத்து முறை வெளிச்சம் காட்டினோம். பத்தாம் முறை முடிந்ததும் அருக்காணி வலது காலை மடக்கினாள், நீட்டினாள், சிரித்தாள். நிர்வாகக் குழு முழுவதும் அந்த முழங்காலோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. அவளோ இடது காலையும் நீட்டிவிட்டாள்.

"ஏனுங் சார், அப்படியே இதுக்கும் காட்டிருங்க. இது மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

ஜ்யோத்ஸ்னா உடனே வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். நல்லவேளை, நான் பாய்ந்து தடுத்தேன். "நிறுத்தும்மா! அதுவும் குணமாயிட்டா ஒப்பீடு என்ன ஆறது?"

"அரே அங்கிள், இது மேஜிக் இல்ல. இப்படி ஏறினா நல்லா ஆன காலும் கெட்டுடும். ஆன்ட்டிய லிப்ட்ல போக விடுங்க, அவ்வளவுதான்!"

அவசரக் கூட்டம் கூடியது. "லிப்ட்ல விட்டா, குணமானது லேசராலயா, லிப்டாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று தலைவர் கேட்டார். என்ன ஞானம்! 'இடது முழங்கால் எவ்வித மாற்றமுமின்றி இப்போதுள்ள நிலையிலேயே பராமரிக்கப்படும்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். லேசரும் அன்று முதல் குடியிருப்போருக்கு மட்டும்.

முதல் நேரம் என் இடுப்புக்குக் கிடைத்தது. செயலாளர் கீழே இறங்கி வருவதாவது? இயந்திரமே மேலே வந்தது. படியில் தூக்கினால் அதிரும், அது நுட்பமான பொருள் என்பதால் சால்வை போர்த்தி, தலைவர் துணையோடு, குடியிருப்போர் லிப்டில் வந்தது. அதைத் துடைத்து வைக்க அருக்காணி படியில் வந்தாள். இருபது நிமிடம் கழித்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டனுங்க" என்றாள். ஜ்யோத்ஸ்னா என் இடுப்பைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடமை உணர்வு போதாத பெண்.

இப்போது ஆறு வீட்டில் இரண்டு வீடு அருக்காணியை நிறுத்திவிட்டது. நேரத்துக்கு வருவதில்லையாம். அதில் ஒன்று தலைவர் வீடு.

மற்ற சொசைட்டிக்காரர்கள் எங்கள் சாதனையைப் பார்க்க வருகிறார்கள். "நெஜமாவே வேலை செய்யுதா?" என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. நான் வாதாடுவதில்லை. அருக்காணியைக் கூப்பிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, வீங்கிப்போன இடது முழங்காலைக் காட்டுவேன். "வெளிச்சம் படாத கால் எப்படி இருக்கு, பாருங்க!" வந்தவர்கள் உடனே இயந்திரத்தின் விலையைக் கேட்பார்கள்.

எங்கள் லேசருக்கு இருக்கும் ஒரே நற்சான்று அந்த முழங்கால்தான். அது தப்பித் தவறிக் குணமாகிவிடாதபடி நாங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறோம். தினமும் மூன்று தடவை, ஒன்பது மாடி.