தாம்பூலத் தட்டோடு ஓடியதற்கு விளக்கம்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி.
மாசி மாதம், 2008.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி, மாப்பிள்ளையின் தகப்பனார் அம்மாவாசை அவர்களுக்கு, பெண்ணின் தகப்பன் கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை. தங்கள் வீட்டில் அனைவரும், தங்கள் தங்கை அஞ்சலாட்சி அம்மாளும் அவருடைய தொண்டையும் உட்பட, நலமாக இருக்க மயிலம் முருகனை வேண்டுகிறேன். இங்கும் நலம் என்று எழுதத்தான் ஆசை, என் முட்டி இரண்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் தட்டு மாற்றாமலே வேனைத் திருப்பிக்கொண்டு வளவனூர் போய்விட்டீர்கள். "பொண்ணப் பெத்தவன் தட்டத் தூக்கிக்கினு ஓடிட்டான்" என்று அஞ்சலாட்சி அம்மாள் ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஓடியது உண்மை. தட்டோடு ஓடியதும் உண்மை. ஏன்யா ஓடினே என்று ஒருத்தராவது கேட்டீர்களா? என் மகள் சரிதா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இந்தச் சம்பந்தம் உடைந்தால் காலத்துக்கும் பேச மாட்டாள் என்று என் மனைவி செல்வாம்பாள் சொல்கிறாள். அவளும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

அந்த ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு மாரத்தான் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். தாங்கள்தான், "ஓடறவன் ஓடட்டும் சம்பந்தி, நாம வேன்லதான வர்றோம்" என்றீர்கள். எங்கள் ஊர் மாரத்தானைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. வருஷத்தில் ஒரு நாள், மாசி மகத்துக்குச் சாமி வருகிற மாதிரி ஊரே ரோட்டோரம் வந்து நின்றுவிடும். பால் வராது, பஸ் வராது, ஓடுகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். மற்ற நாளில் தெருமுனைக் கடைக்கே பைக்கில் போகிறவன்கூட அன்றைக்குத் தொடை தெரிய டவுசர் மாட்டிக்கொண்டு நிற்பான். அதனால்தான் தங்கள் வேன் விழுப்புரம் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் ஓட்டம். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஓடறவங்க மட்டும்தான் ரோட்ல எறங்கலாம் பெரியவரே" என்று முடித்துவிட்டார்.

நல்ல நேரமோ ஒன்பதுக்குள் முடிகிறது. அந்தப் பக்கமிருந்து அஞ்சலாட்சி அம்மாள் கத்துகிறார், "நேரம் போவுது, நேரம் போவுது!" நான் பதற்றத்தில் தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், மேலே பட்டுப் புடவை. எடுத்த தட்டை மாற்றாமல் கீழே வைக்கக் கூடாதே! தங்கள் தங்கையேதான் கத்தினார், "கீழ வச்சிடாதீங்கண்ணா, சம்பந்தத்துக்கே ஆவாது!" அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஓடறவன்தானே ரோட்டில் இறங்கலாம்? நானும் ஓடறவனாக இறங்கி, சாய்வாகப் போய், அந்தப் பக்கம் ஏறிவிட்டால்? இறங்கினேன். எதிர்வீட்டு லூர்துநாதன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, கேட்டில் நின்று "அலே! அலே!" என்று கைதட்டினார். போ, போ என்று அர்த்தமாம். யார் கேட்டது அவரை?

சாய்வாகத்தான் போனேன் சம்பந்தி, சத்தியமாக. அந்தப் பக்கம் நெடுகக் கயிறு கட்டியிருப்பான் என்று யார் கண்டது! இரண்டு கையிலும் தட்டு, கயிற்றைத் தூக்க மூன்றாவது கைக்கு எங்கே போவேன்? தாங்கள் கை நீட்டியதைப் பார்த்தேன். நான் நின்றேன், பின்னால் வந்த கும்பல் நிற்கவில்லை. "நிக்காத தாத்தா, இடிச்சிடுவாங்க, ஓடு ஓடு!" என்று ஒருத்தன் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறான். சரி, கயிறு முடிகிற இடத்தில் ஏறித் திரும்பி வந்துவிடலாம் என்று ஓடினேன், கயிறு முடிந்தால்தானே! இந்திரா காந்தி சிலை வந்துவிட்டது, நெல்லித்தோப்பு வந்துவிட்டது, வேர்வையில் கண்ணாடி வழுக்கி விழுந்து யார் காலிலோ நொறுங்கிவிட்டது, கயிறு மட்டும் முடியவில்லை. பட்டு வேட்டியும் தட்டுமாக நான் வருவதைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள் ஜனங்கள். ஒரு அம்மா குடத்தோடு வந்து மஞ்சத்தண்ணியைக் காலில் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருத்தர் கற்பூரம் காட்டினார். "எந்தக் கோயிலுக்கு சாமி?" என்று கேட்டால் என்ன சொல்றது? மூச்சு இருந்தாத்தானே வாயத் தொறக்க! தட்டை நீட்டினேன், குங்குமத்தை அவரே எடுத்துப் பூசிக்கொண்டார், வேற வழி? எனக்குப் பின்னால வந்த டவுசர்காரனுங்க நாலு பேருக்கும் மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. ஷூவெல்லாம் நாசம், அவங்க என்னைத் திட்டின திட்டை எழுதினா இந்தத் தாள் தாங்காது.

கடைசியில் கடற்கரை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு மைக்கில் கத்துகிறார்கள். எனக்குக் கண் இருட்டுகிறது, ஆனாலும் தட்டைக் கீழே வைக்கவில்லை, அதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பனியனெல்லாம் நனைந்த ஒரு பையன் மூச்சிரைக்க வந்து நின்றான். "குடுங்க மாமா, நான் வாங்கிக்கிறேன்" என்றான். யார் பெற்ற பிள்ளையோ, வாய் நிறைய மாமா என்றான். கொடுத்துவிட்டேன். ஓடி முடித்ததற்குப் பந்தலில் தன் கழுத்தில் போட்டுவிட்ட மெடலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். அப்புறம் நான் உட்கார்ந்தேனா விழுந்தேனா தெரியாது, ஆள் தட்டோடு மாயமாகிவிட்டான். ஆட்டோ பிடித்து நான் வீடு வந்து சேர்வதற்குள் தங்கள் வேன் போய்விட்டது. தட்டும் போச்சு, புடவையும் போச்சு, நல்ல நேரமும் போச்சு.

ஆகவே பெரிய மனது பண்ணி வேறொரு நல்ல நாள் பார்த்து மறுபடி வர வேண்டும். தப்பு முழுக்க என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், முட்டி மடங்கினால். தங்கள் துணைவியாருக்கும் மாப்பிள்ளை கலைவாணனுக்கும் என் அன்பு. தங்கள் தங்கைக்கு நமஸ்காரம், தூரத்திலிருந்து.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
கொளஞ்சிநாதன்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் போன நேரத்தில் சரிதா மாரத்தான் படம் போட்ட பேப்பரைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். மூன்று நாளில் இன்றுதான் வாயைத் திறந்தாள். படத்தில் நான் தட்டைக் கொடுக்கிறேன், வாங்குகிறவர் தங்கள் புதல்வர் கலைவாணன்! ஒரே ஒரு தடவை, அதுவும் முழுக்கைச் சட்டையில் பார்த்த பிள்ளை, கண்ணாடி இல்லாமல் எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? டீ குடிக்கப் போகிறேன் என்று தங்களிடம் சொல்லிவிட்டு, கயிற்றைத் தாண்டி என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். தலைக்கு மேலே பெரிய கடிகாரத்தில் எட்டே முக்கால். நான் தட்டு கொடுத்தேன், அவர் மெடல் கொடுத்தார், நல்ல நேரத்தில், ஊர் ஜனம் சாட்சியாக. ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, மேலே நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அப்புறம் தனியாக ஊர் திரும்பி, அத்தையின் சத்தத்துக்குப் பயந்து தட்டைத் தங்கள் வீட்டு நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாராம். படம் வந்த பிறகு சரிதாவிடம் செல்போனில் சொன்னாராம். அவர்களுக்குள் செல்போன் பேச்சு உண்டு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இப்போது சொல்லுங்கள், தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது எங்கள் வீடா, உங்கள் வீடா? கல்யாணத்துக்கு நாள் பாருங்கள். மாப்பிள்ளை அதற்கு முன்னால் ஒரு நடை வந்து போகட்டும், பஸ்ஸில் வந்தால் போதும் என்று சரிதா எழுதச் சொல்கிறாள்.