படம் வராத டெலிவிஷனும் ராமுத்தாயும்

எங்கள் எஸ்டேட்டில் முதல் டெலிவிஷன் என் வீட்டுக்குத்தான் வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

நான் குருசாமி. பள்ளிவாசல் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். கீழே பவர் ஹவுஸில் கரண்ட் பிறக்கிறது என்றால், மேலே எங்கள் மலையில் அதைத் தூக்கி வளர்ப்பவன் நான். ஃபியூஸ் போனால் குருசாமி. மோட்டார் நின்றால் குருசாமி. மேனேஜர் பங்களாவில் பல்பு கண் சிமிட்டினால்கூடக் குருசாமிதான். வெளியில் இத்தனை பவர் உள்ள ஆசாமி வீட்டுக்குள் ஜீரோ வாட் பல்பு. இது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் 1977-ல் தெரிந்தது.

அந்த வருஷம் கோடை லீவுக்கு மெட்ராஸில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போனோம். நான், மனைவி ராமுத்தாய், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மகள் பேச்சிக்கனி. மச்சினன் வீட்டில் டெலிவிஷன் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு நாடகம். கோமதி என்று பள்ளிக்கூடத்துப் பெண். தியாகு என்று அடுத்த தெருப் பையன். இரண்டு பேரும் கணக்கு நோட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வார்கள். நோட்டில் ஒரு கணக்கு இருக்கும், பார்வையில் வேறு கணக்கு இருக்கும். கோமதியின் அப்பா கண்டிப்பான போஸ்ட் மாஸ்டர். இரண்டு வாரம் பார்த்தோம். அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

கிளம்பும்போது மச்சினன், "நான் பெரிய செட்டு வாங்கப்போறேன் அத்தான். இத நீங்க கொண்டு போங்க" என்றான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போடியிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

"பெத்த புள்ளையக்கூட இப்படி மடியில வச்சதில்ல" என்றாள் ராமுத்தாய்.

"புள்ள கீழ விழுந்தா அழும். இது விழுந்தா உடையும்."

"சரி, மெட்ராஸ் எங்க இருக்கு, பள்ளிவாசல் எங்க இருக்கு? நடுவுல இத்தன மலை நிக்குது. படம் எப்படிங்க வரும்?"

"ரேடியோ வரல?"

"ரேடியோவுல சத்தம் மட்டுந்தான வரணும். இதுல ஆளே வரணுமே!"

பெண்களிடம் அலைவரிசையைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். ஊருக்கு வந்த மறுநாள் காலை, மஸ்டரில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், அத்தனை தொழிலாளிகள் முன்னாலும் அறிவித்தேன். "வர்ற வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. மெட்ராஸ் நாடகம் காட்டுறேன். காட்டலேன்னா இந்த மீசைய எடுத்துடறேன்!"

வந்தார்கள். முப்பது பேர். சிலர் நாடகத்துக்கு, பலர் மீசைக்கு.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மீன்முள் மாதிரி ஆண்டெனாவைக் கட்டிவிட்டு, அங்கிருந்தே கத்தினேன்.

"வருதா?"

"வருது!" என்று கீழிருந்து ராமுத்தாயின் குரல்.

"என்ன வருது?"

"மழை வருது. இறங்கி வாங்க!"

இறங்கி வந்து பார்த்தால் பெட்டிக்குள்ளும் மழைதான். வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு இருதயம்மாள், தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா, புள்ளிகளைப் பத்து நிமிஷம் பக்தியோடு பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல கோமதி எது அண்ணாச்சி?"

"ஆண்டெனாவைக் கொஞ்சம் கிழக்கே திருப்பணும்" என்றேன்.

"ஆண்டெனாவா?" என்றாள் ராமுத்தாய். "ஆண்தானா? அப்ப எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரயோசனம் இருக்காது."

கூட்டம் சிரித்தது. கண்டக்டர் அமிர்தநாதன், பஸ் கண்டக்டர் இல்லை, தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டக்டர், என் மேல்உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "குருசாமி, சவரக்கத்தி நான் கொண்டு வரவா?"

அப்போதுதான் ராமுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மீசை எங்க ஓடிப்போகுது? உங்களுக்குக் கதை தெரியணும், அவ்வளவுதான? என் தம்பி பொஞ்சாதி வாராவாரம் நாடகத்தப் பார்த்துட்டு லெட்டர்ல எழுதுறேன்னிருக்கா. நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். மெட்ராஸில் பார்த்த இரண்டு வாரக் கதையை அன்றைக்கு ஒரே மூச்சில் சொன்னாள். சொன்னாள் என்பது சாதாரண வார்த்தை. கோமதி தலை குனிந்தால் இவள் தலை குனிந்தாள். தியாகு சைக்கிளில் வந்தால் இவள் நாக்கால் மணி அடித்தாள். போஸ்ட் மாஸ்டர் முத்திரை குத்தினால் கடுகு டப்பாவை எடுத்துத் தரையில் 'டம்' என்று குத்தினாள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இவளுக்குள் இத்தனை பேர் குடியிருப்பது எனக்குத் தெரியாது. மெட்ராஸில் நான் பார்த்த நாடகத்தைவிட இது நன்றாக இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. புருஷனுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேர். அதற்கடுத்த வாரம் தொழிலாளிகளின் லயத்து வீடுகளில் ஆளே இல்லை, எல்லாரும் என் வீட்டு வாசலில். நானும் விடவில்லை. மரம் ஏறினேன், கூரை ஏறினேன், அட்டைக்கடி வாங்கினேன். நான்காவது வாரம் என்ன காற்றோ, என்ன அதிர்ஷ்டமோ, திடீரென்று படம் வந்துவிட்டது! நிஜமான படம்! ஒரு மனுஷன் நெற்பயிரில் வரும் பூச்சியைப் பற்றிப் பேசினான். நான் கூரையிலிருந்து குதித்து உள்ளே ஓடினேன்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"அண்ணாச்சி, சத்தத்தக் குறைங்க" என்றாள் இருதயம்மாள். "தியாகு ரயில் ஏறப் போறான். அக்கா சொல்றது காதுல விழல."

நானே என் கையால் அணைத்தேன். அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். தியாகு ரயில் ஏறியபோது என் கண்ணிலும் தண்ணீர். கேட்டவர்களிடம் ஜலதோஷம் என்றேன்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நான்தான் கதை, வசனம், டைரக்ஷன்.

என் அக்கா மாரித்தாய் போடியில் இருக்கிறாள். அவள் மகன் பெரியமுத்து ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன். கனியை அவனுக்குக் கொடுப்பதாக எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம் என்று மனதுக்குள் நாளும் குறித்துவிட்டேன். கனி பத்தாவதில் முதல் வகுப்பில் தேறினாள். மதுரையில் நர்ஸ் படிப்புக்கு மனு போட்டிருக்கிறேன் என்றாள். சரி, கூப்பிட மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள். இன்டர்வியூ கார்டு ஃபேக்டரி ஆபீஸ் விலாசத்துக்கு வந்து என் கையில் சேர்ந்தது.

அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், கனி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கார்டை என் டூல்ஸ் பெட்டிக்குள், டெஸ்டருக்கும் இன்சுலேஷன் டேப்புக்கும் கீழே வைத்தேன். 

கனி தினமும் கேட்டாள். "அப்பா, எனக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லம்மா" என்றேன் தினமும்.

ஆறாவது வெள்ளிக்கிழமை, கல்யாண நாள் குறிக்க அக்காவும் பெரியமுத்துவும் போடியிலிருந்து வந்தார்கள். வரச்சொல்லி எழுதியது ராமுத்தாய். அதிலிருந்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. அக்காவுக்கு முன்வரிசையில் பாய். ராமுத்தாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கோமதிக்குக் காலேஜ்ல இருந்து கார்டு வருது. யார் கைக்கு வருது? போஸ்ட் மாஸ்டர் கைக்கு. திருப்பித் திருப்பிப் பாக்காரு. சுத்திமுத்தும் பாக்காரு. ஊரு லெட்டரையெல்லாம் பத்திரமா சேக்குற மனுசன், பெத்த மக கார்டை எடுத்து, பார்சல் தராசுக்கு அடியில சொருகிட்டாரு."

"அய்யோ!" என்றது கூட்டம்.

"சாயங்காலம் அந்தப் புள்ள வந்து கேக்குது. 'அப்பா, எனக்கு லெட்டர் வந்துச்சா?' 'இல்லம்மா'ங்காரு. அது நம்பிட்டு. அப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு நம்பிட்டு. மறுநாளும் கேக்குது. 'இல்லம்மா.' அதுக்கடுத்த நாளும் கேக்குது..."

இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். உறைக்கவில்லை. நான் ஒளித்தது வேறு. எனக்குக் காரணம் இருந்தது. அந்தப் போஸ்ட் மாஸ்டர் அயோக்கியன். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்தே நின்றுவிட்டேன்.

"அடப்பாவி! நீயெல்லாம் ஒரு அப்பனாடா? பெத்த புள்ள நம்பிக் கேக்குது, வாய் கூசாம இல்லங்கிறியே!"

"நல்லாக் கேளு தம்பி!" என்றாள் அக்கா. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "அந்த ஆள நிக்கவச்சுக் கேக்கணும்."

"என்னன்னு கேக்கணும் மதினி?" என்றாள் ராமுத்தாய்.

"கார்டை எடுறான்னு கேக்கணும்!"

ராமுத்தாய் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. கார்டை அந்தப் புள்ளகிட்டக் குடுக்கணுமா, வேண்டாமா?"

"குடுக்கணும்! இப்பவே குடுக்கணும்!"

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியுந்தான்! அப்பத்தான் அவனுக்குப் புத்தி வரும்!"

"கனி" என்று கூப்பிட்டாள் ராமுத்தாய். "அப்பாவோட டூல்ஸ் பெட்டிய எடுத்துட்டு வாம்மா."

ஃபேக்டரியில் மெயின் ஸ்விட்சை அணைத்தால் ஒரு நிசப்தம் வரும். அது வந்தது.

பெட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்தது. திறந்தேன். டெஸ்டரை எடுத்துக் கீழே வைத்தேன். இன்சுலேஷன் டேப்பை எடுத்துக் கீழே வைத்தேன். கார்டை எடுத்துக் கனியிடம் நீட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். அந்தக் கை கார்டை மெல்ல வாங்கிக்கொண்டது.

அமிர்தநாதன் எட்டிப் பார்த்துப் படித்தார். "இன்டர்வியூ வர்ற பதினாலாம் தேதி. மதுரை."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

"ஏன்டா, நான் வேண்டாம்னா சொன்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? கல்யாணம் எங்கடா போகுது? புள்ள படிச்சுட்டு வரட்டும்."

பெரியமுத்து எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. "மூணு வருசந்தான மாமா. நான் இருக்கேன்."

கனி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். "மூணு வருசம் கழிச்சு வந்து கேளுங்க. அப்பச் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். போன மாசம் வரை பாவாடையில் கொளுந்துக் கறையோடு திரிந்த பிள்ளை அது. எப்போது வளர்ந்தது? நான் மரத்து உச்சியில் இருந்தபோது வளர்ந்திருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் ராமுத்தாயிடம் கேட்டேன். "உன் தம்பி பொஞ்சாதி இதெல்லாமா எழுதினா?"

"அவளா? அவளுக்கு இட்லி மாவு புளிக்கலங்கிறதைத் தவிர வேற என்ன எழுதத் தெரியும்?"

"அப்ப அந்த நாடகம்?"

"அது அடுத்த வாரமே முடிஞ்சு போச்சாம். ரெண்டு பேரும் பரீட்சையில பாஸாம். அவ்வளவுதான்."

"இத்தன வாரமா நீயே சொன்னியா? உன் சொந்தக் கதையா?"

"கார்டு வந்த அன்னைக்கே ஆபீஸ் கிளார்க்கு எனக்குச் சொல்லிட்டாருங்க. அன்னைக்கு ராத்திரியே டூல்ஸ் பெட்டியத் திறந்து பாத்துட்டேன். கேட்டிருந்தா நீங்க சண்டை போட்டிருப்பீங்க. நீங்களே உங்களக் கேட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு."

அன்றைக்கு அவளை முழுசாகப் பார்த்தேன். எத்தனையோ மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் ஒரு மனுஷனைப் பிரித்து மாட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கனிக்கு இடம் கிடைத்தது. அவளைச் சேர்க்க ராமுத்தாய் மதுரைக்குப் போனாள். அந்த வெள்ளிக்கிழமையும் ஏழு மணிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் விடுவேனா? பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன். கோமதி காலேஜுக்குக் கிளம்புவதை நானே சொல்ல ஆரம்பித்தேன். போஸ்ட் மாஸ்டர் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று அழுகிற கட்டத்தில் என் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருதயம்மாள் மட்டும் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"அண்ணாச்சி, ராமுத்தாயக்கா எந்த பஸ்ஸுல வருது?"