கிங்ஸ்லிக்குப் போன பங்கு

பேட்டை,
செவ்வாய்க்கிழமை

ஷார்ஜாவில் இருக்கும் அருமை மருமகன் யூனிஸுக்கு, பேட்டையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை நடத்தும் உன் தாய்மாமன் ஷேக் மைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. ரப்பின் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம், கடை கம்ப்யூட்டரைத் தவிர.

என் மகள் அஃப்ராவின் நிக்காஹ் முக்காட்டுக்கு ஆற்றங்கரை நாணல்பூவை நீயே வரைந்து, அதைத் தையலாக்கும் புரோகிராமும் எழுதி, பென்டிரைவில் கொடுத்துவிட்டாய். சந்தோஷம். ஆனால் திறந்தால், ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லையாம், ஓடமாட்டேன் என்கிறது. உன் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று வீடியோ வேறு அனுப்புகிறாய். உன் அடுப்பில் சோறு வெந்தால் என் வயிறு நிறையுமா? ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். முக்காடு வெறுந்துணியாக மெஷினில் கிடக்குது. அஃப்ரா பத்து தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டா. உண்மையைச் சொல்லுலே, அவளை உனக்குக் கட்டித் தரலேன்னுதானே அந்தக் கோப்பை ஒளிச்சு வச்சுக்கிட்டே?

வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் பக்கத்தாருக்குப் பங்கு வைக்காமல் உன் மாமி நமக்கு எடுத்ததில்லை. பென்டிரைவிலும் இரண்டு கோப்பு இருந்தது. நமக்கு ஒன்று போதும் என்று மற்றதை எதிர் போட்டோ ஸ்டூடியோ கிங்ஸ்லிக்குக் கொடுத்தோம். காப்பி எடுத்துக் கொடுத்தால் அது பங்கா? நம்மிடம் மிச்சம் வைக்காமல் வெட்டித்தான் கொடுத்தேன். இந்தக் குடும்பத்தில் பிறந்த நீ ஒரு கோப்புக்குக் கஞ்சத்தனம் பண்ணலாமா?

நேத்து மத்தியானம் மெஷின் முன்னாலேயே கண் அசந்துட்டேன். ஆறு நம்ம கடை வாசல் வரைக்கும் பைய வந்து நிக்குது, தண்ணி மேல பூரா நாணல்பூ. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருத்தர் பெட்டியோட தோணியிலேருந்து இறங்குதார். நீங்கதான் அந்தக் கோப்பான்னு கேட்டேன். ஆமான்னு சிரிச்சார். உள்ள வாங்கன்னா, நேரே கிங்ஸ்லி கடைக்குப் போயிட்டார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பலை. முழிச்சுப் பார்த்தா கன்னமெல்லாம் ஈரம்.

போனில் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் இன்று விமானம் ஏறும் ஹசன் அலியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அல்லாஹ் உனக்கு ஹயாத்தை, நீண்ட ஆயுளைத் தரட்டும். அதில் முதல் காரியமாகக் கோப்பை அனுப்பு.

துஆவுடன்,
மாமா ஷேக் மைதீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கிங்ஸ்லி ஓடி வந்தான். "அண்ணாச்சி, நீங்க தந்ததைப் போட்டதும் ரெண்டு வருஷமா திறக்காத என் ஆல்பம் புரோகிராம் திறந்துட்டு! இது இல்லாம யூனிஸ் புரோகிராம் எப்படி ஓடும்? அடியில நின்னு தாங்குத ரன்டைம்லா இது!" என்றான். திருப்பி வாங்கிப் போட்டோம். முதல் நாணல் பூத்துவிட்டது. அஃப்ரா அதைத் தொட்டுப் பார்த்து, "மச்சான் ஒண்ணையும் மறக்கலை வாப்பா" என்று அழுதாள். நானும் அழுதேன். மேலே எழுதியதை வாசிக்காதே. ஆனால் இனி எதை அனுப்பினாலும் ரெண்டு ரெண்டாக அனுப்பு, கிங்ஸ்லிக்குக் கொடுக்காமல் எங்களால் இருக்க முடியாது.