அடங்காத இரும்பு

திரையில் ஒரே அணுக்கரு இரண்டு வரியில் வந்திருந்தது. நியூட்ரான்கள் இரும்புக் கதவில் மோதினால் என்ன ஆகும் என்று கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் அது.

வேறு யாராவது என்றால் குழம்பியிருப்பார்கள். திரைமுன் உட்கார்ந்திருந்த விஞ்ஞானிக்கு ஆய்வுக்கூடத்தில் 'நுணுக்கம்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. இரண்டும் ஒரே இரும்புதான். ஒன்று அமைதியாக இருக்கிறது. இன்னொன்று வாங்கிய ஆற்றலை விடாமல் வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதற்கு ஐசோமர் என்று பெயர். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாலும் மாமனார் மாமனார்தானே!

சிக்கல் என்னவென்றால், இந்த ஐசோமர் இதுவரை தெரிந்த அணுக்கருக்களின் எந்த அட்டவணையிலும் இல்லை.

நுணுக்கம் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். துணைத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அவருக்கும் பக்கத்து மேஜைக்காரிக்கும்தான் போட்டி. உலகமே அறியாத ஐசோமர் தானாக மடியில் வந்து விழுந்தால் விடுவாரா மனுஷர்?

உறுதிப்படுத்திக்கொள்ள, அற்பாயுசு ஐசோமர்களையும் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டினார். திரை முழுக்கக் கூட்டம் சேர்ந்து, அவருடைய செல்லம் அதில் தொலைந்துபோனது. அட்டவணையில் உள்ளவை மட்டும் போதும் என்று வடிகட்டினார். செல்லமே காணாமல் போனது. கடைசியில் வடிகட்டியை எடுத்துவிட்டு, செல்லத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கையாலேயே அழித்தார். தெளிவுக்காகத்தான்.

"என்ன சார் அழிக்கிறீங்க?" பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, பழைய குப்பை."

"அட்டவணையில இல்லாத இரும்பு ஒண்ணு எனக்கு வந்திருக்கு. உங்களுக்கும் வந்துதா?"

"இரும்பா? எந்த இரும்பு?"

"சரி விடுங்க. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

நுணுக்கம் விசைப்பலகையை இழுத்தார். அவள் எழுந்து போவதற்குள் 'என் கண்டுபிடிப்பு' என்று ஊர் உலகத்துக்கெல்லாம் மின்னஞ்சல் தட்டிவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"பதவி நமக்குத்தான்!"

"நெஜமாவா? இருங்க, அண்ணனுக்குச் சொல்லிடறேன்!" என்றாள் மனைவி. அண்ணனுக்குச் சொன்னால் பரம்பரைக்கே சொன்ன மாதிரி.

தலைவர் அறைக்கு மூச்சிரைக்க ஓடினார். அவள் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தாள். முந்திக்கொண்டுவிட்டாளே பாவி!

"சார், அதை மொதல்ல பார்த்தது நான்தான்! அவங்க பேரைச் சேர்க்கக் கூடாது!"

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க, தன் பேர் வேண்டாம்னு" என்றார் தலைவர். "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"சத்தியமா சார். அது முழுக்க என்னோடது."

தலைவர் பெருமூச்சுவிட்டு ஏதோ ஒரு தாளில் கையெழுத்திட்டார். நுணுக்கம் தரையில் கால் பாவாமல் வெளியே வந்தார். சிமுலேஷனுக்கு நிரல் எழுதும் பெண் வாசலில் நின்றிருந்தாள்.

"பார்த்தியாம்மா, நம்ம இரும்பை?"

அவள் அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"சார், தலைவர் சொல்லி அந்தப் பொய் இரும்பை நான்தான் உள்ள எழுதி வச்சேன், பார்த்ததும் 'இது தப்பு'ன்னு யாரு வந்து சொல்றாங்களோ, அவங்களுக்குத்தான் பதவியாம்."